தோளில் வந்த சாமி

போன கார்த்திகையில் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போயிருந்தேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, இனி சொட்டு மருந்துகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்தபோது மணி பதினொன்றரை. ஊருக்குப் போகிற பஸ் இரண்டு மணிக்கு மேல்தான். பெரிய கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். "நடை சாத்துற நேரத்துல ஓடிப் போயி என்னத்தப் பாக்கறது" என்றாள் அம்மா. கண் தெளிந்த பிறகு அவளுக்கு எதையும் அவசரமாகப் பார்க்கப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தாள். சரி, அரண்மனைக்குப் போவோம், அங்கே நிழலும் இருக்கும், உட்கார இடமும் இருக்கும் என்று கீழவீதிப் பக்கம் ஆட்டோ பிடித்தேன்.

அரண்மனை கலைக்கூடத்துக்கு நான் நாலைந்து முறை போயிருக்கிறேன். கல்லூரி நாளில் ஒரு தடவை, அப்புறம் வெளியூர் நண்பர்கள் வரும்போதெல்லாம். நாயக்கர்கள் கட்டி, மராட்டியர்கள் இருந்து ஆண்ட இடம். சரஸ்வதி மகாலும் அதே வளாகத்தில்தான். வாசல் தாண்டி உள்ளே போனால் வெயில் கொட்டுகிற முற்றம். அதைச் சுற்றிப் பழைய கட்டடங்கள், தாழ்வாரத்தில் வரிசையாகக் கற்சிலைகள், தலைக்கு மேலே புறாக்களின் சத்தம். அந்த முற்றத்தில் நிற்கும்போதெல்லாம் ஊருக்குள் இருக்கிறோமா, ஊருக்கு வெளியே எங்கோ இருக்கிறோமா என்று எனக்குக் குழம்பும். வெளியே பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள்.

அம்மா அங்கே வந்தது இதுதான் முதல் தடவை. தஞ்சாவூர் ஜில்லாவிலேயே பிறந்து எழுபத்தொரு வயது வரை வாழ்ந்தவளை நான் ஒரு நாளும் இங்கே கூட்டி வந்ததில்லை என்பது டிக்கெட் வாங்கும்போதுதான் உறைத்தது.

இல்லாத காளை

நான் அவளை நேராகச் செப்புத் திருமேனிகள் இருக்கும் மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் என் கால் எப்போதும் போய் நிற்பது ஒரே இடத்தில்தான். திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன். சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கிற திருவெண்காடு, புதன் தலம் என்று இன்றைக்கு எல்லாரும் பரிகாரத்துக்குப் போகிற அதே ஊர். 1950களின் தொடக்கத்தில் அங்கே மண்ணுக்குள்ளிருந்து ஒரு தொகுதித் திருமேனிகள் கிடைத்தன. அர்த்தநாரி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனார். ரிஷபவாகனர், அவரோடு நிற்கும் உமை, பிட்சாடனர், கல்யாணசுந்தரர் ஆகியோர் தஞ்சைக்கு வந்தார்கள். இந்தக் கலைக்கூடமும் 1951இல் தொடங்கியதுதான்.

ரிஷபவாகனர் கிட்டத்தட்ட மூன்றரை அடி உயரம். நாலு கை கிடையாது, சூலம் கிடையாது, மான் மழு கிடையாது. இரண்டே கை. ஒரு காலை ஊன்றி மறு காலைக் குறுக்கே போட்டு, வயல் வேலை முடிந்து வரப்பில் நிற்கிற இளவட்டம் மாதிரி நிற்கிறார். சடையைப் பாம்போடு சேர்த்துச் சுற்றித் தலைப்பாகைபோல முடிந்திருக்கிறார். ஒரு கை இடுப்போரம் தொடையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. இன்னொரு கை மடங்கி, முன்னங்கை காற்றில் நிற்கிறது. விரல்கள் தளர்ந்து தொங்குகின்றன. அந்தக் கைக்குக் கீழே ஒரு காளை நின்றிருக்க வேண்டும். அதன் முதுகில் போட்ட கை அது. காளை இப்போது இல்லை.

ஆனாலும் அவர் சாய்ந்துதான் நிற்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் என்னை நிறுத்தி வைப்பது இதுதான். காளையின் உயரம் எவ்வளவு, அதன் முதுகு எங்கே வளைந்திருக்கும், அது எவ்வளவு சாதுவான மாடு என்பதெல்லாம் அந்த ஒரு முன்னங்கையில் இருக்கிறது. மிரளுகிற மாட்டின் மேல் யாரும் இப்படிக் கை போட மாட்டார்கள். பக்கத்தில் ஒரு உயிர் நிற்கிறது, அதன் சூடு தெரிகிறது, அது நகராது என்ற நம்பிக்கை அந்த மணிக்கட்டில் தெரிகிறது. மெழுகில் முதலில் பிடித்து, அதன்மேல் ஆற்று வண்டலைப் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி எடுத்த உருவம் இது. வார்த்த ஸ்தபதிக்கு மாடு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். மாட்டோடு வளர்ந்தவன் கைதான் இதைப் பிடித்திருக்கும்.

கல்வெட்டுப்படி இந்தத் திருமேனி 1011இல் எழுந்தது, பக்கத்தில் நிற்கும் உமை அடுத்த ஆண்டு, 1012இல். ராஜராஜன் பெரிய கோயில் விமானத்துக்குக் கலசம் கொடுத்தது 1010. அதாவது அந்தக் கோபுரத்துக்குச் சாந்து காய்ந்த மறு வருஷம், எங்கோ காவிரிக் கரையில் ஒரு பட்டறையில் இந்த முன்னங்கை வார்க்கப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு, தங்குதடையில்லாமல் வந்தது.

அம்மா கேட்டுக்கொண்டாள். கண்ணாடிக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள். மடியில் விழும் முடிச்சு, இடைக்கச்சையின் மடிப்பு, தொப்புளைச் சுற்றியிருக்கிற அந்த மெல்லிய மேடு எல்லாவற்றையும் பார்த்தாள். அப்புறம் என்னிடம் திரும்பி, "ஏன்டா, இவர இப்படி வெறும் மேலோட நிக்க வச்சிருக்காங்க? ஒரு துண்டாவது சாத்தக் கூடாதா?" என்றாள்.

"மியூசியம்மா இது. துணி சாத்துனா சிலை தெரியாதுல்ல."

"தெரியாட்டி என்ன?"

என்னிடம் பதில் இல்லை.

சாத்துப்படிக்குள் இருக்கும் உடம்பு

அந்தக் கேள்வி இரண்டு மாதமாக என்னை விடவில்லை. அம்மா அதை வாதத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். அவள் வாழ்நாளில் பார்த்த உற்சவர் எல்லாம் சாத்துப்படியோடு பார்த்த உற்சவர். பட்டு, அங்கி, ஆளுயர மாலை, தலையில் கிரீடம், மார்பில் பதக்கம். முகமும் ஒரு அபயக் கையும் தெரிந்தால் அதிகம். திருமஞ்சன நேரத்தில் கொஞ்சம் உடம்பு தெரியும், அப்போதும் இடையில் ஒரு வஸ்திரம் இருக்கும். முதுகு எப்படி இருக்கும் என்று குருக்களுக்கு மட்டும் தெரியும். பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தாலும் இதுதான். ராஜராஜனும் அவன் அக்கன் குந்தவையும் தேவிமாரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த அறுபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளை முழக்கணக்கிலும் விரல் கணக்கிலும் உயரம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குக் கொடுத்த நகைகளையும் முத்தை எண்ணி, எடை போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு முத்தையும் சாத்திய பிறகு எந்த வளைவு வெளியே தெரிந்திருக்கும்?

அப்படியானால் அந்த ஸ்தபதி யாருக்காக அந்த முதுகைச் செய்தான்? தெருவில் கைகூப்பி நிற்கிறவர்கள் பார்க்கப்போவதில்லை. பணம் கொடுத்தவர் ஒரு தடவை பார்த்திருக்கலாம். அதற்குப் பிறகு பூவுக்கும் பட்டுக்கும் உள்ளேதான் அந்த உடம்பு இருக்கப்போகிறது. இது தெரிந்துதான் செய்திருக்கிறான். இருந்தாலும் முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற குழிவுவரை விடாமல் செய்திருக்கிறான். நான் இத்தனை நாள் பெருமையாக நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது, பார்வைக்கென்று செய்யப்படாத ஒன்று. அதைப் பார்க்கக் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த அதிர்ஷ்டம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் நான் யோசித்ததே இல்லை.

இன்னொன்றும் அன்றைக்கு அம்மாவால்தான் கண்ணில் பட்டது. "மூக்கு முழி எல்லாம் எவ்வளவு துல்லியமா இருக்கு, நம்ம ஊரு சாமிக்கு இப்படி இருக்காதே" என்றாள். எங்கள் ஊர்க் கோயில் நடராஜருக்கு மூக்கின் நுனி மழுங்கிப்போயிருக்கும். உதடு ஒரு கோடாகத்தான் தெரியும். எத்தனையோ தலைமுறையாகப் புளி போட்டுத் தேய்த்து, திருநீறு போட்டுத் துலக்கி, பாலும் தயிரும் இளநீரும் சந்தனமும் வழிந்து வழிந்து தேய்ந்த முகம் அது. திருவெண்காட்டு ரிஷபவாகனர் அந்தத் தேய்மானத்திலிருந்து தப்பியவர். ஏதோ ஒரு ஆபத்துக் காலத்தில் அவரைக் கொண்டுபோய் மண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்கவில்லை. எத்தனையோ நூறு மார்கழிகள் அவர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழாமல் போயின. நான் வியந்து வியந்து பார்க்கிற அந்தத் துல்லியம், பூஜை நின்றுபோனதால் மிஞ்சிய துல்லியம். இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது.

பூமிக்குள்ளிருந்து கிடைத்தவை ஏன் கோயிலுக்குத் திரும்பவில்லை என்று சிலர் கேட்பார்கள். 1878இல் வந்த புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கிற மதிப்புள்ள பொருளைக் கலெக்டரிடம் ஒப்படைக்க வேண்டும். வெண்கலச் சாமிகளும் அந்தக் கணக்கில்தான் வரும். தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கிற பல செப்புத் திருமேனிகள் அந்த வழியாக வந்தவை. வராமல் போனவையும் உண்டு. பத்தூரில் 1976இல் குடிசை போடத் தோண்டியபோது கிடைத்த நடராஜர் லண்டன் வரை போய், வழக்காடி ஜெயித்து, 1991இல்தான் திரும்பி வந்தார். மண்ணில் புதையாமல் கோயிலுக்குள்ளேயே இருந்தவர்களுக்கும் பத்திரம் இல்லை. அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் பூட்டின கதவுக்குப் பின்னால் இருந்த நடராஜர் காணாமல் போய், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் நின்று, 2014இல்தான் வந்து சேர்ந்தார். ஆகவே, சாமியை மியூசியத்தில் வைக்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இந்தக் கண்ணாடிக்குள் இருப்பதால்தான் என் அம்மா அவரைப் பார்த்தாள்.

துளைகள்

"தெரியாட்டி என்ன" என்று கேட்டுவிட்டு அம்மா சும்மா இருக்கவில்லை. அடுத்தடுத்த திருமேனிகளைப் பார்த்துக்கொண்டே போனவள், முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்து குனிந்து பீடத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். என்னம்மா தேடுகிறாய் என்றேன். ஒரு பீடத்தின் பக்கவாட்டில் இருந்த துளையைக் காட்டினாள். "இதுலதான் கயிறு கோத்துக் கட்டுவாங்க. சாமி ஆடாம இருக்கணும்ல. இங்க தண்டு போவும்."

என் தாத்தா, அம்மாவின் அப்பா, அவர்கள் ஊர்க் கோயிலில் ஸ்ரீபாதம்தாங்கி. சாமி தூக்குகிறவர்கள் என்று ஊரில் சொல்வார்கள். இதை நான் சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் அதில் கேட்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நின்றுகொண்டு அம்மா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். தாத்தாவின் வலது தோளில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்ததாம். குளிக்கும்போது அம்மா முதுகு தேய்த்துவிட்டால், அங்கே தேய்ப்பது அவருக்குத் தெரியவே தெரியாதாம். முன்தண்டுக்கு உயரமானவர்கள் ஆகாது, சாமி பின்னால் சாய்ந்துவிடும். மேளக்காரர் மல்லாரி எடுத்ததும் எட்டுப்பேர் காலும் ஒன்றாக எடுத்து வைக்க வேண்டும், ஒருத்தர் பிந்தினாலும் மற்ற ஏழுபேர் தோளுக்கும் தெரிந்துவிடும். வீதி முக்கில் திரும்பும்போது உள்பக்கம் நிற்கிறவன் காலை எடுக்காமல் தேய்த்துக்கொண்டே திரும்புவான். "அப்பாவுக்குச் சாமியோட மொகம் தெரியாது. முன்னால நின்னு தூக்குறவரு எப்படிப் பாப்பாரு? ஆனா சாமி எவ்வளவு எடன்னு அவருக்குத் தெரியும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் திரும்பவும் ரிஷபவாகனர் முன்னால் போய் நின்றாள். இந்தத் தடவை நான் எதுவும் விளக்கவில்லை. எவ்வளவு நேரமோ நின்றாள். பிறகு மண்டபத்தை விட்டு வெளியே வந்தாள், நானும் பின்னால் வந்தேன். தாழ்வாரத்தில் ஒரு தூணோரம் செருப்பைக் கழற்றி வைத்தாள். உச்சி வெயில். "கால் சுடும்மா" என்றேன். அவள் முற்றத்தின் ஓரமாக, கட்டட நிழல் விழுகிற இடமாகப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நிழல் இல்லாத இடத்தில் கொஞ்சம் வேகமாக எட்டு வைத்தாள். வலம்தான் சுற்றினாள். ஒரு சுற்று வந்து என்னைக் கடக்கும்போது, "அவரால இப்ப வீதிக்கு வர முடியாதுல்ல, நாம சுத்துவோம்" என்றாள். அது அரண்மனை முற்றம், ஒரு காலத்தில் குதிரையும் சிப்பாயும் நின்ற இடமாக இருக்கலாம், கோயில் பிராகாரம் இல்லை. அவளுக்கு அதெல்லாம் கணக்கில் வரவில்லை. இரண்டாவது சுற்றில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேர்ந்துகொண்டேன். கல் சுட்டது. வடநாட்டுக் குடும்பம் ஒன்று, நாங்கள் சுற்றுவதைப் பார்த்து இதுதான் இங்கே வழக்கம் போலிருக்கிறது என்று எங்கள் பின்னால் ஒரு சுற்று வந்தது.

கோயிலா மியூசியமா என்ற கேள்வியை நான் வைத்துக்கொண்டிருந்த விதமே சரியில்லையோ என்று அந்த மூன்றாவது சுற்றில்தான் எனக்குத் தோன்றியது. ஊர்வலம் போவதற்கென்றே செய்த உருவம் இது. கருவறைக்கு நகராத மூர்த்தி ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்க்க வர முடியாத கிழவிக்கும், உள்ளே வர விடாமல் நிறுத்தப்பட்டவனுக்கும், படுக்கையில் கிடக்கிறவனுக்கும் வீட்டு வாசல் வரை வருகிறவர் இவர்தான். எட்டுத் தோள் மேல் அவர் அசையும்போது, காற்றில் நிற்கிற அந்த முன்னங்கை எப்படி அசைந்திருக்கும்! தீவட்டி வெளிச்சத்தில் பட்டின் கீழிருந்து அந்தக் குறுக்கிட்ட கால் அசைந்து அசைந்து வந்திருக்கும். நடக்கிற கடவுளை நிற்க வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் ரசித்திருக்கிறேன். அவர் இழந்தது காளையை மட்டும் இல்லை. பூட்டிய கோயில்களுக்குள் இருட்டில் நிற்கிறார்களே, அவர்களும் இதைத்தான் இழந்திருக்கிறார்கள்.

திருவாதிரை

எங்கள் ஊர் நடராஜரும் சிவகாமியும் இப்போது கோயிலில் இல்லை. பக்கத்து ஊர்களில் திருட்டு நடந்த பிறகு, இருபது வருஷத்துக்கு முன்னால் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே இன்னும் பல ஊர்ச் சாமிகளோடு இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், மார்கழித் திருவாதிரைக்கு, போலீஸ் காவலோடு வேனில் வருவார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, அபிஷேகம் செய்து, வீதி சுற்றி, சாயங்காலமே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். தூக்க ஆள் இல்லாததால் கொஞ்ச வருஷமாக டிராக்டர் டிரெய்லரில்தான் வீதி உலா. டிராக்டரில் போனால் என்ன, சாமி வருகிறாரே என்றுதான் நானும் இருந்தேன்.

இந்தத் திருவாதிரைக்கு நான் முதல் நாளே ஊருக்குப் போய்விட்டேன். தெற்குத்தெரு பையன்கள் ஆறு பேரையும், கோயில் மெய்க்காவலரின் மகனையும் பிடித்தேன். என்னோடு எட்டு. பழைய தண்டு கோயில் மடைப்பள்ளிப் பரணில் கிடந்தது, துடைத்து எடுத்தோம். வயதான குருக்கள் கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்தார். அம்மாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை. நாலு வீதியும் தூக்க எங்களால் முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கீழவீதி மட்டும் தோளில், மீதி டிராக்டரில் என்று பேசி முடித்தோம்.

முன்தண்டில் இடதுபக்கம் இரண்டாவது ஆள் நான். துண்டை மடித்துத் தோளில் வைத்திருந்தேன். தூக்கிய முதல் நொடியில் பயந்துவிட்டேன். இவ்வளவு எடை இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த எடை சும்மா இருக்கவும் இல்லை. நான் ஒரு எட்டு வைத்தால் அது ஒரு கணம் கழித்து என்னிடம் வந்து சேர்ந்தது, பின்னால் யாரோ மூச்சு விடுகிற மாதிரி. பத்தடிக்குள் கால்கள் சிக்கின, நிறுத்தினோம். நாயனக்காரர் பொறுமையாக மறுபடி ஆரம்பித்தார். அடுத்த முறை கொஞ்சம் ஒழுங்காக வந்தது. எங்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போது அம்மா தேங்காய்த் தட்டோடு நின்றிருந்தாள். தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அவள் கால்களும் கோலமும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. கற்பூரம் காட்டுகிற வரைக்கும் நின்றோம். அந்த நேரமெல்லாம் தோளில் சாமி மெல்ல ஆடிக்கொண்டிருந்தார்.

ராத்திரி திண்ணையில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். தோள் கன்றிச் சிவந்திருந்தது. அம்மா விளக்கெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, முற்றத்து விளக்கு வெளிச்சத்துக்குத் திரும்பி உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தாள். "அப்பாவுக்கு வலது தோள்" என்றாள். தேய்க்க ஆரம்பித்தாள்.